தாய் எடுக்கப்பட்டது

பிப்ரவரி 17, சனிக்கிழமை. நான்காவது மாடி, பின் பால்கனி, இரண்டடித் தொட்டி. காலை 7.10க்குத் தாய் எடுக்கப்பட்டது. தண்ணீர் 28 டிகிரி. முட்டை சுமார் 250.

பெரியவர் இதை நோட்டில் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். முப்பத்தாறு வருஷம் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர். ஊரார் குடிக்கும் தண்ணீரைக் குப்பியில் பிடித்து, நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டே பழகிய கை. வேலையில் இருந்தபோதே தொடங்கியது ஃபைட்டர் மீன் வளர்ப்பு. முட்டையிட்ட ஒவ்வொரு ஈடும் நோட்டில் இருக்கிறது. இது இருநூற்றுப் பதினான்காவது.

மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் ஒரு கையில் குழந்தையின் சட்டையும் இன்னொரு கையில் கரண்டியுமாக வந்து எட்டிப் பார்த்தாள். கண்ணாடி போட்டு அடைத்த அந்தப் பால்கனியில் எந்நேரமும் ஒரு புழுக்கம். தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்தான். மூலையில் மிதந்த காய்ந்த பாதாம் இலைக்கடியில் சோப்பு நுரைபோல ஒரு திட்டு. அதற்குள்ளே கசகசா தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள்.

"தெரியுதா?" என்றார்.

"தெரியுது மாமா. நிறைய இருக்கு."

இலையின் நிழலில் ஏதோ ஒரு மீன் நின்றது. பக்கத்து ஸ்டூலில் ஒரு கண்ணாடி ஜாடி, அதைச் சுற்றிப் பழைய செய்தித்தாள். எடுத்த மீன் மிரளாமல் இருக்க அவர் அப்படித்தான் மூடி வைப்பார். மருமகளுக்கு மீன் விஷயத்தில் அதற்குமேல் அக்கறை இல்லை. அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. ஓடினாள்.

பெரியவர் தொட்டியின் முன்பக்கத்தை ஓர் அட்டையால் மறைத்தார். முட்டையிட்டபின் ஆறு மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது அவருடைய சட்டம். அவரும் போகமாட்டார்.

ஃபைட்டர் மீனில் பிள்ளை வளர்ப்பது அப்பன்தான். ஆண் மீன் காற்றை விழுங்கி, எச்சில் கலந்து, குமிழி குமிழியாக விட்டுத் தண்ணீரின் மேல் கூடு கட்டுகிறது. பெண் இடும் முட்டைகள் கீழே விழ விழ வாயில் கவ்விக்கொண்டுபோய்க் கூட்டில் ஒட்டுகிறது. இட்டு முடித்த பெண்ணுக்கோ அகோரப் பசி. விட்டுவைத்தால் தான் இட்ட முட்டைகளையே ஒன்றுவிடாமல் தின்றுவிடும். அதனால் தாயை உடனே எடுத்துவிட வேண்டும். குஞ்சுகள் நீந்தும்வரை தகப்பன் காவல் இருக்கும். மூன்று வயதுப் பேத்தி சுண்டுவுக்குக்கூட இது மனப்பாடம். "அம்மா மீன் டாட்டா, அப்பா மீன் காவல்" என்று குளிக்கும்போது பாடுவாள்.

*

அன்று அந்த வீட்டில் மீனைவிடப் பெரிய விஷயம் ஒன்று முடிவாக வேண்டியிருந்தது.

மருமகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் டெக்னீஷியன். கணவன் சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் வேலை. எட்டு மாதம் கடல், மூன்று மாதம் வீடு. ஒன்றரை வருஷமாகப் பகலில் சுண்டுவைப் பார்த்துக்கொண்டது பெரியவர்தான். குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, பூங்காவுக்கு அழைத்துப்போவது எல்லாம். மருமகள் வேலை செய்யும் இடத்தில் இருந்த மற்றத் தாய்மார்கள் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

ஒன்பது நாளைக்கு முன்பு அவர் பூங்காவிலிருந்து தனியாகத் திரும்பினார். அன்று அவளுக்கு ஷிஃப்ட் இல்லை. பால் பாக்கெட்டைச் சமையலறையில் வைத்தார், கை கழுவினார், துண்டை எடுத்தார். சுண்டு எங்கே என்று அவள் கேட்டாள்.

"தூங்குதே" என்றார்.

அவள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். சுண்டு ஊஞ்சலில் உட்கார்ந்து ஒரு நாயிடம் பேசிக்கொண்டிருந்தாள். கணக்குப் போட்டுப் பார்த்ததில் குழந்தை தனியாக இருந்தது ஒன்பது நிமிடம்.

பாலை வைத்துவிட்டு உடனே திரும்பிப் போகத்தான் வந்தேன் என்று பெரியவர் பிறகு எல்லோரிடமும் சொன்னார். நம்பும்படியாகத்தான் இருந்தது. 'தூங்குதே' என்ற ஒரு சொல்லைக் கேட்டவள் மருமகள் மட்டும். அவள் அன்றே லீவு போட்டாள். திங்கட்கிழமையோடு லீவு முடிகிறது.

இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. அதில் ஒரே ஓர் இடம் காலி. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படிவம் வராவிட்டால் வரிசையில் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். புதன்கிழமை இதை மாமனாரிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அன்றிரவு தட்டில் பாதி அப்படியே இருந்தது.

கணவனிடம் போனில் சொன்னபோது அவன் தயங்கினான். கப்பல் சனிக்கிழமை துறைமுகத்தில் நிற்கும், நாலு மணிக்குக் கூப்பிடுகிறேன், அதற்குள் அக்கா வந்து அப்பாவைப் பார்க்கட்டும், அவள் சொல்கிறபடி செய்வோம் என்றான். மருமகளுக்கு இது தீர்ப்பை எதிர்க்கட்சி வக்கீலிடம் கொடுத்ததுபோல இருந்தது. ஆனாலும் சரி என்றாள்.

*

பெரியவரின் மகள் பதினொன்றரைக்கு வந்தாள். தம்பியைவிட ஆறு வயது மூத்தவள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். கடைசிக் குழந்தை இறங்கியதும் வண்டியை அணைத்துவிட்டு, பின் சீட்டுவரை நடந்து, ஒவ்வொரு சீட்டுக்கடியிலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவாள். பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூட இதைத் தவறவிட்டதில்லை. இருபத்திரண்டு குழந்தைகளை அடக்கும் குரல். அந்தக் குரலைச் சமையலறைக்கு வெளியே விட்டு வரும் பழக்கம் இல்லை.

"என்னம்மா, ஆஸ்பத்திரியில எலும்பைப் படம் எடுக்கறது பத்தாதுன்னு எங்கப்பா மூளையையும் எடுத்துட்டியாமே?"

"எடுக்கல அண்ணி. எடுக்கணும்னுதான் சொல்றேன்."

"அவரு என் வீட்டுக்குப் போகணும்னா நேரா சொல்லு. நான் கூட்டிட்டுப் போறேன். அதுக்காக சுத்தி வளைச்சுப் பட்டம் கட்டாத."

மருமகள் வெங்காயத்தை நறுக்கினாள். பெரியவர் கூடத்தில் சுண்டுவோடு தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. புது ஈடு இறங்கியிருக்கு, ஒரு மணிக்குமேல காட்டறேன் என்றார்.

மகளுக்கு அந்தச் சட்டம் தெரியும். ஏழு வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை அவருக்கு ஜாடி பிடித்தவள் அவள்தான். சட்டத்தை மீறிக் களவாக எட்டிப் பார்ப்பதும் அந்த நாளிலிருந்தே வழக்கம். துப்பட்டாவைச் செருகிக்கொண்டு பால்கனிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அட்டையைக் கொஞ்சம் விலக்கினாள்.

நுரை கலைந்து கிடந்தது. வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. கலைந்த நுரைக்கடியில், சாம்பல் நிறத்தில், குட்டை வாலோடு, பெண் மீன் நின்று மூக்கால் துழாவிக்கொண்டிருந்தது. முட்டையிட்ட பெண்ணின் வயிறு ஒட்டிப்போய் இருக்க வேண்டும். இதன் வயிறு உருண்டு பந்துபோல இருந்தது.

மகள் ஜாடியைச் சுற்றியிருந்த தாளை உயர்த்தினாள். உள்ளே நீலம்.

பெரியவரின் மிகச் சிறந்த ஆண் அது. விசிறிபோல விரியும் வால். அதன் கொள்ளுத்தாத்தாவையே அவர் கையால் வளர்த்திருக்கிறார். இப்போது நிறம் வெளுத்து, துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, ஜாடியின் அடியில் கிடந்தது.

நீலத்தையும் இந்தப் பெண்ணையும் கண் தெரியாதவர்கூட மாற்றி எடுக்க முடியாது. அவளுக்கு அது தெரியும். அவருக்குக் கண்ணும் நன்றாகத் தெரியும். போன மாதம்தான் கண்ணாடி மாற்றினார்.

நோட்டைப் பிரித்தாள். காலை 7.10க்குத் தாய் எடுக்கப்பட்டது. அதே சாய்ந்த எழுத்து. முந்தின பக்கத்தைப் பார்த்தாள். ஜனவரி 20: தாய் எடுக்கப்பட்டது. முட்டை காணோம். காரணம் தெரியவில்லை. அதற்கு முன், டிசம்பர் 9: தாய் எடுக்கப்பட்டது. முட்டை காணோம். காரணம் தெரியவில்லை. 'தெரியவில்லை' என்பதன்கீழ் இரண்டு கோடுகள் இழுத்திருந்தார்.

இருநூற்றுப் பதினொன்றுவரை அந்தச் சொல் நோட்டில் எங்கும் இல்லை.

பிறகு கைவலையை எடுத்தாள். பெண்ணைப் பிடித்து இன்னொரு குவளையில் விட்டாள். ஜாடியிலிருந்து நீலத்தைத் தொட்டிக்கு மாற்றினாள். குவளையிலிருந்த பெண்ணை ஜாடிக்குள் ஊற்றி, தாளைச் சுற்றி, அட்டையைப் பழையபடி நிறுத்தினாள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. கை மறக்கவில்லை.

ஏன் அப்படிச் செய்தாள் என்று பிற்பாடு கேட்டபோது அவளால் ஒரே பதில்தான் சொல்ல முடிந்தது. அப்பா அசடு வழிய நிற்பதைத் தான் பார்த்ததில்லை, பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.

கதவு திறந்தது. மருமகள் டீ டம்ளரோடு நின்றாள். நாத்தனாரின் சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது.

"கண்ணாடி அழுக்கா இருந்துச்சு. தொடச்சேன்" என்றாள் மகள்.

*

சாப்பாட்டு மேஜையில் சண்டை வரும் என்று மருமகள் எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. நாத்தனார் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி, அதைச் சாப்பிடாமல் பிசைந்துகொண்டிருந்தாள். அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் ஆரஞ்சுப் பழம் உரித்தார். சுளையிலிருந்து விதை ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுத்தான் சுண்டுவின் வாயில் வைத்தார். ஆய்வுக்கு வந்த மேலதிகாரி தாகத்தில் மேஜைமேல் இருந்த சாக்கடைத் தண்ணீர்க் குப்பியை எடுத்து வாய்வரை கொண்டுபோன கதையைச் சொன்னார். நூறு தடவை கேட்ட கதை. அதிகாரியின் பதவி, அன்று பெய்த மழை, குப்பியின் எண் எதுவும் பிசகவில்லை. "கடைசியில அவரு என்ன கேட்டாரு தெரியுமா? இதுல உப்பு கம்மியா இருக்கான்னு கேட்டாரு" என்று முடித்தார். சுண்டு புரியாமலே சிரித்தாள். இந்த மனிதரிடம் ஒரு குழந்தையை விடக் கூடாது என்று அந்த நேரத்தில் யார் சொன்னாலும் கேட்டவர்கள் அடிக்கப் போயிருப்பார்கள்.

ஒன்றே காலுக்கு எழுந்து பால்கனிக்குப் போனார். திரும்பி வரப் பத்து நிமிடம் ஆனது.

முட்டை ஒன்றுகூட இல்லை என்றார். சொன்ன விதத்தில் வருத்தத்தைவிட வேறு ஏதோ இருந்தது. நோட்டைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். மருமகள் பக்கம் திருப்பிக் காட்டினார். டிசம்பர், ஜனவரி, இப்போது. மூன்று ஈட்டுக்கும் அப்பன் நீலம்தான். சில ஆண் மீனுக்கு அந்தப் புத்தி உண்டு, காவல் காக்கிற மாதிரி நின்றே தின்னும், ஒரு தடவை ருசி கண்டால் திருத்த முடியாது என்று விளக்கினார். 'காரணம்' என்ற இடத்தில் மூன்று பக்கத்திலும் எழுதினார்: ஆண், முட்டை தின்னி.

"முட்டை தின்னிய வச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்த முடியாது. சாயங்காலம் மீன் கடைக்காரன்கிட்ட குடுத்துடறேன். அலமாரியில வச்சு அழகு பாத்துக்கட்டும்" என்றார். பிறகு, யாரிடம் என்று இல்லாமல், "நான்கூட என்னமோ நெனச்சேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாக இருந்தார். காலி ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்தார். சீட்டியடித்தார். சுண்டுவைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடத்தை இரண்டு சுற்று சுற்றினார். மகள் நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சீட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்கு தலைமுறையாக வளர்த்த மீன் இனத்தைத் தன் ஒரு வார்த்தை காப்பாற்றும். சொன்னால் இந்தச் சீட்டி நின்றுவிடும். 'நான்கூட' என்ற சொல்தான் அவளை அறுத்தது. டிசம்பரிலிருந்து இந்த மனிதர் எதை நினைத்துக்கொண்டு தூங்கினார்?

சமையலறையில் பாத்திரம் கழுவும்போது மருமகள் தண்ணீரை நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா அண்ணி? உங்க வேன்ல ஒரு குழந்தை ஒன்பது நிமிஷம் தனியா இருந்துச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

நாத்தனார் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். அப்படிக் குழந்தையைத் தனியே விட்ட ஓட்டுநர் ஒருவரை அவளே எழுதிக்கொடுத்து வேலையை விட்டு அனுப்பவைத்திருக்கிறாள். அது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"நாலு மணிக்குச் சொல்றேன்" என்றாள்.

*

போன் நான்கு ஐந்துக்கு வந்தது. மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்கள். பின்னணியில் இரும்பு மோதும் சத்தம். கப்பல்காரன் முதலில் சுண்டுவோடு பேசினான். பிறகு அப்பாவிடம் உடம்பு எப்படி என்று கேட்டான். பிறகு எல்லோரும் எதற்காகக் கூடியிருந்தார்களோ அதைக் கேட்டான்.

"அக்கா, நீ பாத்தியே. அப்பாகிட்ட விடலாமா, வேண்டாமா?"

பெரியவர் சுண்டுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அது தெரிந்த முகமாக இல்லை. நல்ல மார்க் வாங்கப்போகிற பையன்போல நிமிர்ந்திருந்தார்.

"விடலாம்" என்றாள் மகள்.

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். மறுமுனையில் தம்பி பெருமூச்சு விட்டது கேட்டது. அப்ப சரி, அந்தக் காப்பகத்துக்கு நன்றி சொல்லிடு என்று மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தான்.

"இரு" என்றாள் மகள். "நான் பொய் சொல்றேன். இரு."

சுண்டு மட்டும் கட்டையைக் கட்டையோடு தட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா. நீலம் தின்னல."

"என்னது?"

"நான் பன்னண்டு மணிக்குப் போய்ப் பாத்தேன். தொட்டியில இருந்தது பொண்ணு. ஜாடியில நீலம். நான்தான் மாத்தி வச்சேன்."

"நீ எதுக்கு என் தொட்டியத் தொடற?" என்றார் பெரியவர். குரல் உயரவில்லை. "காலையில தாயை எடுத்தேன். ஏழு பத்துக்கு. எழுதியிருக்கு."

"எழுதியிருக்குப்பா. எடுத்தது நீலத்தை."

"நீலத்தையா?"

"நீலத்தைத்தான்."

அவர் மருமகளைப் பார்த்தார். நீதான் சொல்லிக்கொடுத்தாயா என்று கேட்கப்போகிறார் என்று அவள் நினைத்தாள். கேட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் சுண்டுவைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, எழுந்து பால்கனிக்குப் போனார்.

கூடத்தில் போன் மட்டும் இரைந்தது.

"அக்கா, நீ இதை இப்படிப் போட்டு உடைச்சிருக்க வேண்டாம்" என்றான் கப்பல்காரன். பிறகு, "டிசம்பர்லயே அப்பா என்கிட்ட சொன்னாரு" என்றான்.

மருமகள் போனுக்கு அருகே குனிந்தாள். "என்ன சொன்னாரு?"

"நெனப்பு ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு செய்யுதுன்னாரு. மீன் விஷயமாத்தான் சொன்னாரு. ஒருத்தர்கிட்டயும் சொல்லாதன்னாரு. வயசானா இருக்கறதுதானேன்னு நானும்..."

"நான் பார்க் விஷயத்தைச் சொன்னப்ப உங்களுக்கு இது தெரியும்."

"தெரியும். ஆனா..."

"தெரிஞ்சும், எனக்கு வேலை டென்ஷன், நான் பெருசு பண்றேன்னு சொன்னீங்க."

அவன் ஏதோ சொன்னான். இரும்புச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. ஷிஃப்ட் மணி அடிக்கிறது, நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. திரை அணைந்தது.

நாத்தனாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பால்கனியில் பெரியவர் ஜாடியின் தாளைக் கழற்றி, அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு காலத்தில் குப்பிகளைத் தூக்கிப் பார்த்த அதே விதம். பக்கவாட்டில் திருப்பினார். மறுபக்கமும் திருப்பினார். ஜாடியைக் கீழே வைத்தார். நோட்டை எடுத்து மூன்று பக்கங்களிலும் 'ஆண், முட்டை தின்னி' என்பதை ஒரே கோட்டால் அடித்தார். அடித்த வாசகம் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது பரிசோதனைக்கூட விதி. அதன் பக்கத்தில் எழுதினார்: பிழை, எடுத்தவருடையது. தேதி போட்டார். கையெழுத்தும் போட்டார்.

கூடத்துக்கு வந்து வாசற்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வயிறு உருண்டையா இருக்கு" என்றார் மகளிடம். "அவ்வளவும் அவதான் தின்னிருக்கா."

"ஆமாப்பா."

"மூணு தடவை."

மகள் எழுந்து அவரருகே போகப் பார்த்தாள். வேண்டாம் என்று கையை அசைத்தார். பிறகு மருமகளிடம் கேட்டார்.

"அம்மாடி, அன்னைக்கு சுண்டு எங்கன்னு நீ கேட்டப்ப நான் என்ன சொன்னேன்?"

அவள் சுண்டுவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"சொல்லு. யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"தூங்குதேன்னு சொன்னீங்க மாமா."

அவர் அதைக் கேட்டுக்கொண்டார். புதிதாக ஒன்றைக் கேட்பவர்போலத்தான் கேட்டுக்கொண்டார். அவர் உதடுகள் ஒருமுறை அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தன.

"அந்த ஃபாரம் அஞ்சு மணிக்குள்ளன்னு சொன்னியே. மணி இப்ப என்ன?"

நாலு இருபத்தெட்டு என்றாள் மகள். இரண்டு தெருதான், ஆனால் சனிக்கிழமை நெரிசல், வேனை எடுக்கிறேன் என்றாள். பெரியவர் குனிந்து சுண்டுவுக்குச் செருப்பு மாட்டி, வாரை இழுத்துச் சரிபார்த்தார். தாத்தா வரலையா என்று சுண்டு கேட்டாள். தாத்தாவுக்குத் தொட்டியைக் கழுவ வேண்டியிருக்கு என்றார்.

*

வேன் சிக்னலில் நின்றபோது நாத்தனார், முன்னால் பார்த்தபடியே, காலையில் சமையலறையில் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்றாள். வச்சுக்கல என்றாள் மருமகள். வேறொன்றைத்தான் அவள் மனதில் வைத்திருந்தாள். நாளைக்குப் போன் வரும். எடுப்பதா வேண்டாமா என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை.

காப்பகத்தின் அலுவலக அறையில் ஒரு பெண் மேஜையைப் பூட்டும் தருவாயில் இருந்தாள். படிவத்தை வாங்கிப் புரட்டினாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு பகுதி நிரப்பப்படவில்லை என்று காட்டினாள். குழந்தையை வீட்டுக்கு அழைத்துச் செல்ல அனுமதி உள்ளவர்கள். மூன்று வரிகள் இருந்தன.

முதல் வரியில் அம்மா என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். பேனாவை நாத்தனாரிடம் கொடுத்தாள். இரண்டாம் வரியில் அத்தை என்று நாத்தனாரே எழுதிக் கையெழுத்திட்டாள்.

மூன்றாவது வரிக்கும் ஆள் உண்டா, அப்பா, தாத்தா யாராவது, என்று அந்தப் பெண் கேட்டாள்.

இப்போதைக்கு இல்லை என்றாள் மருமகள்.

படிவம் நான்கு ஐம்பத்திரண்டுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. சுண்டு திங்கட்கிழமை காலை எட்டே காலுக்குக் காப்பகத்தில் சேர்ந்தாள்.